மருத்துவமனைத் தலைமையின் அறப்பார்வை: பிரிஸ்டலும் ஸ்டாஃபோர்டும்

மருத்துவ அறம் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை நோயாளியின் கட்டிலருகே நின்று எழுதப்பட்டவை. சிகிச்சைக்கு நோயாளி ஒப்புதல் அளித்தாரா, உண்மை அவரிடம் சொல்லப்பட்டதா, உயிர்காக்கும் கருவியை எப்போது நிறுத்தலாம் என்பவையே அவற்றில் திரும்பத் திரும்ப வரும் வினாக்கள். ஆனால் அந்தக் கட்டில் எந்தக் கட்டடத்தில் இருக்க வேண்டும், இரவுப் பணியில் அதற்கு எத்தனை செவிலியர் பொறுப்பு, எந்தப் பிரிவுக்கு இந்த ஆண்டு பணம், எந்தப் பிரிவுக்கு இல்லை என்ற முடிவுகள் வேறோர் அறையில், தலைமை நிர்வாகியும் நிதி இயக்குநரும் நிர்வாகக் குழுவினரும் கூடி எடுப்பவை. அந்த அறையில் இருப்பவர்கள் தங்கள் பணியில் அறம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கருதுகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதை அவர்களிடமே நேரில் கேட்டால் கிடைக்கும் விடை அநேகமாக நல்ல விடையாகவே இருக்கும். நோயாளியே முதன்மை என்று சொல்லாத மருத்துவமனைத் தலைவர் உலகில் எங்கும் இல்லை. எடுத்து முடித்த முடிவுகளுக்கு, விசாரணைக் குழுவின் முன்னால் காரணம் சொல்ல வேண்டி வந்தபோது அவர்கள் சொன்னவையே நம்பத் தகுந்த சான்று. இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை அத்தகைய சான்றுகளை ஏராளமாக விட்டுச் சென்றிருக்கிறது. அவற்றுள் பிரிஸ்டல், ஸ்டாஃபோர்டு ஆகிய இரண்டு மருத்துவமனைகளின் வரலாற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஓர் ஒற்றுமை புலப்படுகிறது: இரண்டிலும் தலைமையில் இருந்தவர்கள் அறத்தை மறுத்தவர்கள் அல்லர், அறத்துக்கு ஓர் எல்லைக்கோடு வரைந்து, கோட்டுக்கு அப்பால் நடப்பது வேறொருவர் பொறுப்பு என்று மனசாட்சி உறுத்தாமல் நம்பியவர்கள்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு நிர்வாக வரலாறு உண்டு. 1983 வரை இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் தனியொரு தலைவர் இல்லை. மருத்துவர், செவிலியர், நிதியாளர், நிர்வாகி ஆகியோர் கூடி, அனைவரும் உடன்பட்டால் மட்டுமே முடிவு எடுக்கும் முறை இருந்தது. அவ்வாண்டில் செயின்ஸ்பரி என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் உயர் நிர்வாகியான ராய் கிரிஃபித்ஸ், அரசு கேட்டுக்கொண்டதற்கிணங்க அளித்த அறிக்கையில், யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாத இம்முறையைச் சாடி, ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு பொது மேலாளர் வேண்டும் என்றார். 1991 முதல் மருத்துவமனைகள் ‘டிரஸ்ட்’ எனப்படும் தன்னாட்சி அமைப்புகளாயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை நிர்வாகியும், முழுநேர இயக்குநர்களோடு வெளி உறுப்பினர்களும் கொண்ட நிர்வாகக் குழுவும் அமைந்தன. பொறுப்புக்கு ஒரு முகவரி கிடைத்தது. அந்த முகவரியில் இருந்தவர் எதற்கெல்லாம் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் தீர்க்கப்படாமலே நின்றது.

பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரியில் பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு நடந்த அறுவை சிகிச்சை அந்தக் கேள்வியை எழுப்பியது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இதய அறுவைக்கென அரசு 1984-இல் தேர்ந்தெடுத்து நிதியளித்த மையங்களுள் அதுவும் ஒன்று. தேர்வு பெருமையையும் பணத்தையும் தந்தது. ஆனால் அங்கே வந்த குழந்தைகளின் எண்ணிக்கை, அறுவை மருத்துவர்களின் கைத்திறன் வளரப் போதாத அளவுக்குக் குறைவாக இருந்தது. இதய மருத்துவர்கள் குழந்தைகள் மருத்துவமனையில் இருக்க, அறுவையோ சற்றுத் தொலைவில் இருந்த இன்னொரு கட்டடத்தில் நடந்தது. அறுவைக்குப் பின் குழந்தைகளைப் பெரியவர்களோடு சேர்த்தே தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தனர். குழந்தைகளுக்கு மட்டுமே இதய அறுவை செய்யும் நிபுணரும் இல்லை. இவற்றில் ஒன்றுகூட அறுவைக் கத்தியைப் பற்றியதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டடம், பணியிடம், நிதி ஆகிய மூன்றும் நிர்வாகத்தின் கையில் இருந்தவை.

1988-இல் மயக்க மருந்து நிபுணராக அங்கே சேர்ந்த ஸ்டீபன் போல்சின், அறுவைகள் வேறிடங்களில் ஆவதைவிட நெடுநேரம் இழுப்பதையும் குழந்தைகள் அதிகமாக இறப்பதையும் கண்டு, 1990 ஆகஸ்டில் தலைமை நிர்வாகி ஜான் ராய்லன்ஸுக்குக் கடிதம் எழுதினார். பின்னர் இறப்புக் கணக்குகளைத் தாமே திரட்டவும் தொடங்கினார். அவர் முறையிட வேண்டிய வழியோ விநோதமாக இருந்தது. மருத்துவர்களின் குறைகளைக் கேட்க வேண்டிய மருத்துவ இயக்குநர் பதவியில் 1992 முதல் இருந்தவர் ஜேம்ஸ் விஷார்ட். யாருடைய அறுவை முடிவுகள் ஐயத்துக்கு இடமாயினவோ அந்த இரு மருத்துவர்களுள் ஒருவர். இந்த முரண்பாட்டை நீக்கும் அதிகாரம் ராய்லன்ஸிடம் இருந்தது. அவரோ மருத்துவமனையைத் துறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் தலைமை மருத்துவரிடம் ஒப்படைத்து, மருத்துவத் தரத்தை மருத்துவர்களே பார்த்துக்கொள்வார்கள், நிர்வாகி அதில் தலையிடுவது முறையாகாது என்ற கொள்கையில் நின்றார்.

அந்தக் கொள்கை 1995 ஜனவரியில் ஒரே இரவில் சோதனைக்கு உள்ளானது. இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெருங்குழாய்கள் இடம் மாறிப் பிறந்த, ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றுக்கு அவற்றை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை மறுநாள் நடப்பதாக இருந்தது. முந்தைய மாலை மருத்துவர்கள் கூடிப் பேசினர். போல்சின் கூடாது என்றார். மற்றவர்கள் நடத்தலாம் என்றனர். சுகாதாரத் துறையின் மூத்த மருத்துவ அலுவலர் ஒருவர் ராய்லன்ஸைத் தொலைபேசியில் அழைத்துக் கவலை தெரிவித்தார். ராய்லன்ஸ் அறுவையை நிறுத்தவில்லை. மருத்துவர்கள் கூடி எடுத்த மருத்துவ முடிவை நிர்வாகி மாற்றுவது தகாது என்பதே அவர் நிலை. இப்படியொரு கூட்டம் நடந்ததே பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. குழந்தை அறுவை மேசையிலேயே இறந்தது.

மருத்துவர்களின் பதிவேட்டைக் காக்கும் பொது மருத்துவக் கவுன்சில் 53 அறுவைகளை ஆராய்ந்தது. அவற்றில் 29 குழந்தைகள் இறந்திருந்தன. 1998-இல் விஷார்ட்டின் பெயரும் ராய்லன்ஸின் பெயரும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. தலைமை நிர்வாகியின் பெயர் மருத்துவப் பதிவேட்டில் இருந்தது தற்செயல்தான்: ராய்லன்ஸ் நிர்வாகத்துக்கு வருமுன் கதிரியக்க நிபுணர். நீக்கத்தை எதிர்த்து அவர் பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றத்தில் முறையிட்டபோது வைத்த வாதமே இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்கத் தக்கது. தாம் அந்தக் குழந்தைகளில் எவருக்கும் மருத்துவம் பார்க்கவில்லை, தாம் செய்ததும் செய்யாது விட்டதும் நிர்வாகியாக, ஆகவே மருத்துவத் தொழிலின் ஒழுக்க விதிகள் தம்மைக் கட்டுப்படுத்தா என்பது அதன் சாரம். நிர்வாகி என்ற முறையில், இது மருத்துவம், என் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று சொன்னவர், மருத்துவர் என்ற முறையில், இது நிர்வாகம், உங்கள் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று சொன்னார். கோட்டின் இரு புறத்திலிருந்தும் பொறுப்பு விலக்கப்பட்டால் அது விழுவதற்கு இடமே இல்லாமல் போகிறது. 1999-இல் பிரிவி கவுன்சில் இவ்வாதத்தை ஏற்க மறுத்தது. மருத்துவராகப் பதிவு பெற்ற ஒருவர் நிர்வாக நாற்காலியில் அமர்ந்தாலும் நோயாளியின் உயிரைக் காக்கும் கடமை அவரை விட்டு நீங்குவதில்லை என்று தீர்ப்பளித்தது.

இயன் கென்னடி தலைமையில் அமைந்த பொது விசாரணை 2001 ஜூலையில் அளித்த அறிக்கை, 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 30 முதல் 35 பேர், அதே வகை மையம் ஒன்றில் இறந்திருக்கக்கூடியதைவிட அதிகமாக இறந்ததாக மதிப்பிட்டது. அங்கே பணியாற்றியவர்கள் அக்கறையற்றவர்களோ தீய எண்ணம் கொண்டவர்களோ அல்லர் என்பதையும் அறிக்கை வலியுறுத்திச் சொன்னது. வாசகர்களுக்கு இது ஆறுதலாகப் படலாம். உண்மையில் கலக்கம் தர வேண்டிய செய்தி இதுதான். தீயவர்களை விலக்கிவிட்டால் தீர்ந்துவிடும் சிக்கலாக இருந்திருந்தால் பிரிஸ்டலோடு கதை முடிந்திருக்கும்.

பிரிவி கவுன்சில் தீர்ப்பின் வரம்பு அதன் காரணத்திலேயே அடங்கியிருந்தது. ராய்லன்ஸ் மருத்துவர் என்பதால் அகப்பட்டார். கணக்காளராகவோ மேலாண்மைப் பட்டதாரியாகவோ இருந்திருந்தால் எந்தக் கவுன்சிலும் அவரை அழைத்திருக்க முடியாது. இந்தியாவின் நிலையும் இதுவே. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட தொழில்நடத்தை விதிமுறைகள் பதிவு பெற்ற மருத்துவரைக் கட்டுப்படுத்துபவை. மருத்துவரல்லாத மருத்துவமனைத் தலைவர் அவற்றின் வரம்புக்குள் வருவதில்லை. தமிழ்நாட்டில் 1997-இல் இயற்றப்பட்டு 2018-இல் விதிகள் பெற்ற மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் நிலையத்தைப் பதிவு செய்கிறதேயன்றி, அதை நடத்துபவரின் நடத்தையை ஒரு தொழில் ஒழுக்கமாக எடுத்துக்கொள்வதில்லை.

நிர்வாகிகளுக்கென்று நெறிமுறையே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சில வட்டாரச் சுகாதார ஆணையங்களில் பொதுப்பணம் வீணடிக்கப்பட்டது வெளியானதை அடுத்து, 1994-இல் நிர்வாகக் குழுக்களுக்கான நடத்தை விதித்தொகுப்பு வந்தது. கணக்குக் காட்டும் பொறுப்பு, நாணயம், வெளிப்படைத்தன்மை ஆகிய மூன்றும் அதன் தூண்கள். ஒப்பந்தப்புள்ளியில் தன்னலம் கூடாது, பரிசு பெறக் கூடாது, பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பவற்றை எந்தத் தலைவரும் மறுக்கவில்லை. பின்னர் பெயர் கெட்டவர்களுள் பெரும்பாலோர் அந்த அளவில் கை சுத்தமானவர்களே. தலைமையின் மனத்தில் நிர்வாக அறம் என்பது நெடுங்காலம் பண விஷயத்தில் நாணயம் என்பதாகவே உருக்கொண்டிருந்தது. செவிலியர் பணியிடங்களைக் குறைக்கும் தீர்மானம் நிதித் திட்டமாக மட்டுமே மேசைக்கு வந்தது. பிரிஸ்டலுக்குப் பின் 2002-இல் வந்த மேலாளர் நெறிமுறை, நோயாளியின் நலமும் பாதுகாப்புமே முதல் கவலை என்று தெளிவாகவே எழுதியது. அது பணி ஒப்பந்தங்களோடு இணைக்கப்பட்டது; ஆனால் மீறியவரை விசாரிக்க ஒரு மன்றம் அமைக்கப்படவில்லை.

அந்த நெறிமுறை நடப்பில் இருந்த காலத்தில்தான் ஸ்டாஃபோர்டு நிகழ்ந்தது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள இந்தச் சிறிய நகரின் மருத்துவமனையை நடத்திய மிட் ஸ்டாஃபோர்டுஷயர் டிரஸ்ட், ‘ஃபவுண்டேஷன் டிரஸ்ட்’ என்ற உயர்நிலையைப் பெற முயன்றது. அந்நிலை கிடைத்தால் வரவு செலவில் கூடுதல் சுதந்திரம். அதைப் பெற நிதிநிலை சீராக இருப்பதாகக் காட்ட வேண்டும். 2006-07 நிதியாண்டில் ஒரு கோடி பவுண்டைச் சேமிக்கத் திட்டமிட்டு, செவிலியர் உட்பட சுமார் 150 பணியிடங்கள் குறைக்கப்பட்டன. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களில் 98 விழுக்காட்டினரை நான்கு மணி நேரத்துக்குள் சேர்க்கவோ அனுப்பவோ வேண்டும் என்ற அரசின் இலக்கும் தலைக்குமேல் நின்றது. 2008 பிப்ரவரியில் உயர்நிலை கிடைத்தது. அடுத்த சில வாரங்களிலேயே தரக் கண்காணிப்பு அமைப்பான ஹெல்த்கேர் கமிஷன் அம்மருத்துவமனையை விசாரிக்கத் தொடங்கியது.

2009 மார்ச்சில் வெளியான அதன் அறிக்கையும், ராபர்ட் பிரான்சிஸ் 2010-இலும் 2013-இலும் அளித்த இரு விசாரணை அறிக்கைகளும் வார்டுகளின் நிலையைப் பக்கம் பக்கமாகப் பதிவு செய்கின்றன. அவசர சிகிச்சைக்கு வந்தவரின் நிலை எவ்வளவு கடுமையானது என்பதை மருத்துவப் பயிற்சியற்ற வரவேற்பாளர் முடிவு செய்தார். இதயத் துடிப்பைக் காட்டும் கருவிகளை இயக்கத் தெரியாத செவிலியர் அவற்றை அணைத்து வைத்தனர். நான்கு மணி நேரக் கணக்கு தவறாமல் இருக்க, நோயாளிகள் இன்னொரு பகுதிக்குத் தள்ளி நிறுத்தப்பட்டனர். தாகம் தாங்காமல் பூச்சாடித் தண்ணீரைக் குடித்தவர்களைப் பற்றி உறவினர்கள் சொன்னார்கள். சாப்பாட்டுத் தட்டு எட்டாத தொலைவில் வைக்கப்பட்டுத் தொடப்படாமலே திரும்பிச் சென்றது. 400 முதல் 1,200 பேர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறந்ததாக ஏடுகள் எழுதிய எண்ணிக்கையை பிரான்சிஸ் ஏற்கவில்லை. புள்ளிவிவரத்திலிருந்து அப்படிக் கணக்கிடுவது பாதுகாப்பானதன்று என்றார். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நடந்த வாதம், தலைமை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை வெகுகாலம் மறைத்தது.

தலைமை செய்தவற்றை மூன்று இடங்களில் நெருங்கிப் பார்க்கலாம். மருத்துவமனைகளின் இறப்பு விகிதத்தை ஒப்பிடும் குறியீட்டில், எதிர்பார்க்கத் தக்க அளவு 100 எனக் கொண்டால், இம்மருத்துவமனைக்கு 127 என்று 2007-இல் வெளியானது. நோயாளிகளின் நோய்களைக் கணினியில் பதியும் குறியீட்டு எண்களில் உள்ள பிழையே இதற்குக் காரணம் என்று நிர்வாகக் குழு நம்பி, பதிவைத் திருத்தும் முயற்சியில் இறங்கியது. பதிவில் பிழை இருந்ததும் உண்மை. எண் சரியா என்று கேட்டவர்கள் வார்டுக்குள் போய்ப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. அடுத்து, நோயாளிகளின் புகார்கள் வகைவாரியான எண்ணிக்கையாகவே குழுவின் மேசைக்கு வந்தன. ‘செவிலியர் பராமரிப்பு: இத்தனை’ என்ற வரிக்குள் பூச்சாடித் தண்ணீர் தெரியாது. மூன்றாவது, குழுவின் முக்கிய உரையாடல்கள் பொதுமக்கள் வரக்கூடிய கூட்டத்தில் நடவாமல் மூடிய அறைக்குள் நடந்தன.

வெளி உறுப்பினர்கள் சொன்ன காரணம் இக்கட்டுரையின் மையத்தைத் தொடுகிறது. தங்கள் பணி நீண்டகாலத் திட்டங்களை வகுப்பது, வார்டின் அன்றாட நடப்பு முழுநேர நிர்வாகிகளின் பணி, அதில் நுழைவது வரம்பு மீறல் என்று அவர்கள் கருதினார்கள். பிரிஸ்டலில் கோட்டின் பெயர் மருத்துவம். ஸ்டாஃபோர்டில் அதன் பெயர் அன்றாட நடப்பு. இரு சொற்களுமே மேலாண்மைப் பாடநூல்களில் மதிப்புப் பெற்றவை, பல நாள்களில் பயனுள்ளவையும்கூட. தலைமை நிர்வாகி அறுவை அரங்குக்குள் புகுந்து கத்தியைப் பிடிக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் 2008-இல் மருத்துவமனையே செய்த மதிப்பீட்டில் 120 செவிலியர் பற்றாக்குறை தெரியவந்தது. அந்தப் பற்றாக்குறைக்கு வழிவகுத்த சிக்கனத் திட்டத்தை ஏற்றது அதே குழு. தன் தீர்மானத்தின் விளைவை மற்றவர்களின் அன்றாட நடப்பு என்று அழைப்பது நிர்வாகக் கொள்கை ஆகாது. அதைத் தப்பித்தல் என்றே சொல்ல வேண்டும்.

கோட்டுக்கு அந்தப்புறம் நின்றவர்களின் நிலைக்கு அமெரிக்க அறவியலாளர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-இல் ஒரு பெயர் தந்திருந்தார். சரியானது எது என்று ஒருவருக்குத் தெரிந்தும், நிறுவனத்தின் கட்டுப்பாடுகள் அதைச் செய்ய விடாதபோது எழும் வேதனையை அவர் அறத்துயர் என்றார்; செவிலியர் பணியைக் கருத்தில் கொண்டு உருவான கருத்து அது. ஸ்டாஃபோர்டு அவசரப் பிரிவில், நான்கு மணிக் கணக்குக்காக நேரத்தை மாற்றி எழுதும்படி மூத்தவர்கள் சொல்வதாகப் புகார் அளித்த செவிலியர் ஒருவர், சக பணியாளர்களின் மிரட்டலுக்கு அஞ்சி இரவில் தனியாகக் கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கத் தயங்கியதாக விசாரணையில் சொன்னார். மேலறையில் அறம் நிதித் திட்டமாக உருமாறியது. கீழ்த்தளத்தில் அதே நிதித் திட்டம் மீண்டும் அறச்சிக்கலாகி ஒரு தனி மனிதரின் தோளில் இறங்கியது.

எல்லாத் தலைவர்களும் கோட்டுக்குப் பின்னால் ஒதுங்கியதில்லை. 1995 மார்ச்சில், ரத்தப் புற்றுநோய் மீண்டும் தாக்கிய பத்து வயதுச் சிறுமிக்கு, சுமார் 75,000 பவுண்டு செலவாகும் இரண்டாம் முறைச் சிகிச்சைக்குப் பணம் தர கேம்பிரிட்ஜ் சுகாதார ஆணையம் மறுத்தது. சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, குழந்தை படும் வேதனையோ மிக அதிகம் என்பது மருத்துவர் பலரின் கருத்து. தந்தை வழக்குத் தொடுத்தார். ஆணையம் தன் முன்னுரிமைகளை விளக்கியாக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அன்றே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, வரம்புள்ள பணத்தைப் பங்கிடுவது நீதிமன்றத்தின் வேலையன்று என்றது. ஆணையத்தின் தலைமை நிர்வாகி ஸ்டீபன் தார்ன்டன் அந்த முடிவை மருத்துவர்கள் தலையில் போட்டுவிட்டு ஒதுங்கவில்லை. ஊடகங்களின் கடும் கோபத்துக்கு நடுவே அதைத் தம் நிறுவனத்தின் முடிவாக ஏற்று, வெளியில் வந்து காரணம் சொன்னார். சிறுமி பின்னர் பெயர் வெளியிடாத ஒருவரின் உதவியால் தனியார் சிகிச்சை பெற்று, 1996 மே மாதம் இறந்தாள். அம்முடிவு சரியா என்பதில் இன்றும் இரண்டு கருத்துகள் உண்டு. ஆனால் முடிவுக்கு உரியவர் யார் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

இத்தகைய முடிவுகளுக்கு நார்மன் டேனியல்ஸ், ஜேம்ஸ் சாபின் என்ற இரு அமெரிக்கர்கள் 1997-இல் ஓர் உரைகல் முன்வைத்தனர். நியாயமான மனிதர்கள்கூட எது முதன்மை என்பதில் உடன்படாதபோது, முடிவின் காரணம் வெளியிடப்பட வேண்டும், பாதிக்கப்படுவோரும் பொருத்தமானது என்று ஏற்கக்கூடிய காரணமாக அது இருக்க வேண்டும், மறுபரிசீலனைக்கு வழி இருக்க வேண்டும், இம்மூன்றும் நடப்பதை ஓர் அமைப்பு உறுதி செய்ய வேண்டும் என்பது அது. கேம்பிரிட்ஜ் இதில் அரைகுறையாகத் தேறும். ஸ்டாஃபோர்டின் மூடிய அறை முதல் நிபந்தனையிலேயே தோற்கும். இந்த உரைகல்லுக்கும் ஒரு குறை உண்டு: முடிவு என்று ஒன்று எடுக்கப்பட்டதாக நிறுவனம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சிறுமிக்குச் சிகிச்சை மறுப்பது எல்லார் கண்ணுக்கும் முடிவாகத் தெரிகிறது. காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விடுவது அப்படித் தெரிவதில்லை.

பிரான்சிஸின் 290 பரிந்துரைகளுக்குப் பின், 2014 நவம்பரில் இரண்டு விதிகள் சட்டமாயின. தீங்கு நேர்ந்தால் அதை நோயாளியிடம் மறைக்காமல் சொல்லி வருத்தம் தெரிவிக்கும் கடமை நிறுவனத்தின் மேல் சுமத்தப்பட்டது. இயக்குநராக அமர்பவர் தகுதியும் நேர்மையும் உடையவரா என்று சோதிக்கும் பொறுப்பும் அதற்குத் தரப்பட்டது. இரண்டாவது விதியை ஆராய்ந்த வழக்கறிஞர் டாம் கார்க்கின் அறிக்கை 2019-இல் வெளியானது. தகுதியற்ற இயக்குநர்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்துகொண்டிருக்க அந்தச் சோதனை தடையாக இல்லை என்றும், அவர்களைப் பதவிக்கு வராமல் தடுக்கும் அதிகாரமுள்ள அமைப்பு தேவை என்றும் அது கூறியது. 2024 நவம்பரில் அரசு, மேலாளர்களையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவருவது பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. பிரிஸ்டல் அறிக்கையில் கென்னடி இதைக் கேட்டு அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்கிடையில் ஸ்டாஃபோர்டுக்காகத் தொழிலிலிருந்து விலக்கப்பட்டவர்களுள், அவசரப் பிரிவில் நேரக்கணக்கை மாற்றி எழுதச் செய்த இரண்டு மூத்த செவிலியர் இருந்தனர்; 2013-இல் செவிலியர் கவுன்சில் அவர்களின் பெயர்களைத் தன் பதிவேட்டிலிருந்து நீக்கியது. 150 பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்த குழுவினரை, குழு உறுப்பினர்கள் என்ற முறையில் நீக்கப் பதிவேடு இருக்கவில்லை. பதிவேடு ஒன்று வந்தாலும், பொய்க் கணக்கு எழுதியவரையும் புகார் சொன்னவரை மிரட்டியவரையும் அதிலிருந்து நீக்குவது எளிது. ஒழுங்காகக் கூட்டம் கூட்டி, ஒழுங்காகக் குறிப்பெழுதி, ஒருமனதாக நிறைவேற்றிய ஒரு சிக்கனத் தீர்மானத்தை எந்த விதியின் கீழ் குற்றமாகச் சேர்ப்பது என்பதற்கு இதுவரை வந்த நெறிமுறைகள் எவற்றிலும் விடை இல்லை.